எலிக்குக் கேட்ட மருந்து எண்ணூருக்குக் கேட்குமா?

மூலிகைச் சாறும் வைட்டமினும் ஆய்வுக்கூட எலிகளின் வலியை அடக்குகின்றன. வடசென்னையின் முட்டிக்கும் முதுகுக்கும் அதிலிருந்து என்ன கிடைக்கிறது?

காசிமேட்டில் பொழுது விடிவது ராத்திரி இரண்டு மணிக்கு. கரைசேர்ந்த விசைப்படகுகளிலிருந்து மீன் இறங்க இறங்க ஏலம் சூடு பிடிக்கிறது. ஐஸ் உடைபடும் சத்தம், டீசல் வாடை, ஈரத்தில் வழுக்கும் ரப்பர் செருப்புகள். நிறைந்த அன்னக்கூடையைத் தலைக்கு ஏற்ற இரண்டு பேர் கைகொடுக்கிறார்கள். இறக்கும்போதும் யாராவது கைகொடுப்பார்கள். நடுவில் உள்ள தூரத்தைக் கழுத்தும் இடுப்பும் முழங்காலும்தான் தாங்கியாக வேண்டும்.

சும்மாட்டைச் சுருட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருக்கும் ஒரு பெண்மணி, ஐம்பதைத் தாண்டியவர், சுருக்குப்பையை அவிழ்க்கிறார். வெற்றிலைக்கு அடியில் இரண்டு சங்கதிகள். ஒன்று, மெடிக்கலில் வாங்கிய ‘செட்டு மாத்திரை’: காகிதத்தில் மடித்த ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு. இன்னொன்று, பழைய இருமல் மருந்து பாட்டிலில் நொச்சி இலை போட்டுக் காய்ச்சிய எண்ணெய். எண்ணெயை முட்டியில் தேய்த்துக்கொள்கிறார். மாத்திரையை டீயோடு விழுங்குகிறார். எது வேலை செய்தது என்று அவர் பிரித்துப் பார்ப்பதில்லை. கூடையோடு நடக்க முடிந்தால் போதும்.

பிரித்துப் பார்ப்பதற்கென்றே ஓர் உலகம் இருக்கிறது. அங்கே நோயாளி, இருநூறு கிராம் எடையுள்ள ஒரு வெள்ளை எலி.

சூடான தட்டு, ஒரு ஸ்டாப்வாட்ச்

பார்மசி கல்லூரிகளில் எம்.ஃபார்ம் படித்தவர்களுக்கு இந்தக் காட்சி மனப்பாடம். 55 டிகிரிக்குச் சூடேற்றிய உலோகத் தட்டு. சுற்றிலும் கண்ணாடி உருளை. எலியை உள்ளே விட்டதும் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. முதலில் மோந்து பார்க்கும். பிறகு ஒரு காலைத் தூக்கும், பின்னங்காலை நக்கும், அல்லது துள்ளும். அந்த நொடியில் கடிகாரத்தை நிறுத்தி எலியை வெளியே எடுத்துவிட வேண்டும். எலி நக்காவிட்டாலும் பதினைந்து இருபது விநாடிக்கு மேல் விடக் கூடாது, பாதம் வெந்துவிடும்.

இலைச்சாறு கொடுப்பதற்கு முன் நாலு விநாடியில் நக்கிய எலி, கொடுத்த பின் எட்டு விநாடி பொறுத்தது என்று வையுங்கள். அந்த நாலு விநாடி வித்தியாசம்தான் கட்டுரையாகிறது. கட்டுரை செய்தியாகிறது. செய்தி, “மூட்டுவலிக்கு மூலிகை: விஞ்ஞானிகள் நிரூபித்தனர்” என்று வாட்ஸப்பில் வந்து நிற்கிறது. இதில் எந்த இடத்தில் எலி மனிதனாக மாறியது என்பது யாருக்கும் தெரியாது.

பெட்டிச் செய்தி: வலியை எப்படி அளக்கிறார்கள்?

வால் சோதனை (1941): எலியின் வாலில் ஒளிக்கதிர்ச் சூடு. எத்தனை விநாடியில் வாலை இழுத்துக்கொள்கிறது என்பதே கணக்கு.

சூட்டுத் தட்டு (1944): மேலே சொன்னது. மார்ஃபின் போன்ற, மூளை வரை போய் வேலை செய்யும் மருந்துகளைப் பிடிக்க ஏற்றது.

வயிற்று முறுக்கல்: வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலத்தை நீர்த்து, சுண்டெலியின் வயிற்றறைக்குள் ஊசி வழியாகச் செலுத்துவார்கள். சுண்டெலி உடலை நீட்டி முறுக்கும். முறுக்கல்களை எண்ணுவார்கள். தூக்க மருந்து கொடுத்தாலும் எண்ணிக்கை குறையும் என்பது இந்தச் சோதனையின் பலவீனம்.

ஃபார்மலின் சோதனை (1977): பாதத்தில் ஊசி. முதல் ஐந்து நிமிடம் நரம்பின் நேரடி வலி, கால் மணி நேரத்துக்குப் பிறகு வீக்கத்தின் வலி. இரண்டையும் பிரித்துக் காட்டும்.

பாத வீக்கம் (1962): வீக்கத்தை உண்டாக்கப் பயன்படும் கராகீனன், செம்பாசியிலிருந்து எடுக்கப்படுவது. அப்படிப்பட்ட பாசியைத்தான் ராமநாதபுரம் கடற்கரையில் மீனவப் பெண்கள் மூங்கில் மிதவைகளில் வளர்க்கிறார்கள். ஐஸ்கிரீமைக் கெட்டியாக்கவும் அதே பொருள்தான்.

இருநூறு, நானூறு

நொச்சியை எடுத்துக்கொள்வோம். 2003இல் இலங்கையின் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முற்றிய பச்சை நொச்சி இலையின் நீர்ச்சாற்றை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பாத வீக்கம், ஃபார்மலின் சோதனை இரண்டிலும் பலன் தெரிந்ததாக எழுதினார்கள். மக்கள் பயன்படுத்துவதுபோல் பச்சை இலை, தண்ணீரில் எடுத்த சாறு என்பதால் இந்த வகை ஆய்வுகளில் இது கொஞ்சம் நேர்மையானது. முடக்கத்தான், பிரண்டை, தழுதாழை, வாதநாராயணன், குப்பைமேனி என்று நம் பாட்டிகள் பெயர் சொன்ன செடிகள் பலவும் இப்படி எலிகளின் மேல் சோதிக்கப்பட்டிருக்கின்றன. பெரும்பாலும் ‘பலன் உண்டு’ என்றே முடிவு வருகிறது. இது சந்தோஷப்பட வேண்டிய விஷயமா, சந்தேகப்பட வேண்டிய விஷயமா?

இரண்டும்தான். சந்தேகம் எங்கே தொடங்குகிறது என்றால், ஆய்வேடுகளில் திரும்பத் திரும்ப வரும் இரண்டு எண்களில். கிலோவுக்கு 200 மில்லிகிராம், 400 மில்லிகிராம். எந்தச் செடியானாலும் இதே அளவு. காரணம் செடியில் இல்லை. முதலில் நச்சுத்தன்மை பார்க்க 2,000 மில்லிகிராம் கொடுப்பார்கள். எலி சாகாவிட்டால் அதில் பத்தில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்று வகுத்துக்கொள்வார்கள். ஒரு குழுவுக்கு ஆறு எலி. ஒரு பருவத்துக்குள் ஆய்வேடு முடிய வேண்டும்.

அந்த 400 மில்லிகிராமை மனிதக் கணக்குக்கு மாற்றிப் பார்க்கலாம். எலியின் அளவை அப்படியே கிலோவால் பெருக்கக் கூடாது. உடலின் மேற்பரப்பைக் கணக்கில் எடுத்து 6.2 ஆல் வகுப்பது வழக்கம். கிலோவுக்குச் சுமார் 65 மில்லிகிராம் வரும். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு கிட்டத்தட்ட 4 கிராம் சாற்றுச் சத்து. இலைப்பொடியில் பத்தில் ஒரு பங்கு சத்தாக இறங்கும் என்று வைத்தால், 40 கிராம் காய்ந்த பொடி வேண்டும். பச்சை இலையாக இருநூறு கிராமை நெருங்கும். ஒரே வேளைக்கு. முடக்கத்தான் தோசைக்கு ஒரு வீட்டில் போடுவது ஒரு கைப்பிடி.

இன்னொன்றும் உண்டு. பல ஆய்வுகளில் சத்தை இறக்குவது மெத்தனாலிலோ எத்தனாலிலோ. சாக்ஸ்லெட் கருவியில் மணிக்கணக்கில் சுழன்று, சாராயம் ஆவியாக்கப்பட்டு, அடியில் தார் மாதிரி மிஞ்சும் கரும்பச்சைப் பசைதான் எலிக்குப் போகிறது. தோசை மாவில் சாராயம் இல்லை. ஆக, எலி குடித்ததும் ராயபுரத்துக் குடும்பம் சாப்பிடுவதும் ஒரே செடிதான், ஒரே மருந்து இல்லை.

சிவப்பு ஊசியின் மகிமை

செட்டு மாத்திரையில் இருக்கும் சிவப்புக்கு வருவோம். அது பெரும்பாலும் பி-காம்ப்ளெக்ஸ். கை கால் மதமதப்பு என்று போனால் கிளினிக்குகளில் போடும் ‘சத்து ஊசி’யின் செந்நிறம் பி12 வைட்டமினுடையது, அதன் நடுவில் இருக்கும் கோபால்ட் கொடுக்கும் நிறம். வலி நிவாரணியோடு சத்து மாத்திரை எதற்கு, கடைக்காரர் விலையை ஏற்றத்தானே என்று கேட்பவர்கள் உண்டு. இங்கே எலிகள் கடைக்காரர் பக்கம் நிற்கின்றன.

பி1, பி6, பி12 மூன்றும் அசிட்டிக் அமிலம், ஃபார்மலின் சோதனைகளில் சுண்டெலிகளின் வலி நடத்தையைக் குறைப்பதை 2001இல் பிரேசில் ஆய்வாளர்கள் காட்டினார்கள். வலி மாத்திரையான டைக்ளோஃபினாக்கோடு சேர்த்துக் கொடுத்தால் அதன் வேகத்தைக் கூட்டுகின்றன என்று மெக்சிகோ ஆய்வுகள் சொல்லின. பெரும்பாலான மூலிகைகளுக்கு நேராதது இந்த வைட்டமின்களுக்கு நேர்ந்தது: எலியோடு நின்றுவிடாமல் ஆளுக்கு வந்தார்கள். 2009இல் பிரேசிலில் திடீர் இடுப்புவலி வந்த 372 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு டைக்ளோஃபினாக் மட்டும், மறு பாதிக்கு அதோடு வைட்டமின். மூன்றாம் நாளில், வலி தீர்ந்து மருந்தை நிறுத்திக்கொண்டவர்கள் வைட்டமின் சேர்ந்த பக்கம் நூற்றுக்கு 46 பேர், சேராத பக்கம் 29 பேர்.

ஆனால் அந்த ஆய்வு அதிகபட்சம் ஏழு நாள். காசிமேட்டில் செட்டு மாத்திரைக்கு ஏழு நாள் கணக்கு கிடையாது. வருடக் கணக்கு. பி6 அளவு மீறினால் எந்த நரம்பைக் காப்பாற்றப் போனதோ அதே நரம்பைக் கெடுக்கும். தினம் 2 முதல் 6 கிராம் வரை விழுங்கிவந்த ஏழு பேர் நடை தள்ளாடி, கை கால் மரத்துப்போன கதை 1983இல் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியானது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் பெரியவர்களுக்கு ஒரு நாளைய மேல் வரம்பை 12 மில்லிகிராம் என்று குறைத்துவிட்டது. பிரேசில் ஆய்வில் ஒரு மாத்திரையிலேயே 50 மில்லிகிராம் இருந்தது.

பி12 விஷயம் வேறு. நீண்ட நாள் மெட்ஃபார்மின் சாப்பிடும் சர்க்கரை நோயாளிக்கும், அசைவம் தொடாதவருக்கும் அது உண்மையிலேயே குறையும். குறைந்தவருக்குக் கொடுத்தால் கால் எரிச்சல் தணியும். அங்கே அது வலி மாத்திரை இல்லை, விடுபட்ட சத்தைத் திருப்பித் தருவது. ரத்தத்தில் பி12 அளவு பார்க்காமல் ஊசி போடுவதுதான் சிக்கல்.

நசுங்கிய விரல்கள்

ராயபுரம் பக்கத்து ஸ்டான்லி ஆஸ்பத்திரியை ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம் அது. 1970-களின் தொடக்கத்தில் டாக்டர் ஆர். வெங்கடசாமி கை அறுவைக்கென்றே அங்கே தனிப் பிரிவு தொடங்கினார். நாட்டிலேயே முதன்மையான கை மறுவாழ்வு நிறுவனமாக அது வளர்ந்தது. அந்தப் பிரிவு ஏன் இங்கே வேர் பிடித்தது என்று திருவொற்றியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம். பிரஸ் மெஷினில் சிக்கிய விரல், வின்ச்சில் மாட்டிய மணிக்கட்டு, கம்பிக் கயிறு அறுத்த உள்ளங்கை.

இந்தக் கைகளின் வலி, சூட்டுத் தட்டில் எலிக்கு வருகிற வலி இல்லை. நரம்பு அடிபட்ட இடம் ஆறிய பிறகும், சட்டைக்கை உரசினாலே சுரீர் என்று இழுக்கும். குழாய்த் தண்ணீர் பட்டால் எரியும். இதையும் எலியில் உண்டாக்கிப் பார்க்கிறார்கள்: 1988 முதல், தொடை வழியே ஓடும் சயாட்டிக் நரம்பைச் சுற்றித் தளர்வாக நூல் கட்டி, பாதத்தில் மெல்லிய இழையால் தொட்டுப் பார்க்கும் முறை புழக்கத்தில் இருக்கிறது. கடினமான, நாள்பிடிக்கிற, செலவு வைக்கிற சோதனை. அதனால்தான் நம் மூலிகை ஆய்வேடுகளில் சூட்டுத் தட்டு நிறைந்து வழிகிறது. நரம்பு வலிச் சோதனை அபூர்வம். நாலு விநாடி வலிக்கு மருந்து தேடியவர்கள், நாலு வருட வலிக்காரரின் கையில் அதைக் கொடுக்கிறார்கள்.

எலியும் சாதாரணப்பட்டதில்லை. 2014இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகக் குழு ஒரு வேடிக்கையைக் கண்டுபிடித்தது. சோதனை அறையில் ஆண் இருந்தால் எலிகள் வலியைக் குறைத்துக் காட்டுகின்றன. ஆண் போட்டுக் கழற்றிய டி-ஷர்ட்டை வைத்தாலும் போதும். வியர்வை வாடையில் பயந்து, பயத்தில் வலியை விழுங்குகின்றன. சோதனை செய்தது மாணவனா மாணவியா என்று எந்த ஆய்வேட்டில் எழுதியிருக்கிறது?

இதைவிடப் பெரிய ஓட்டை, பல காலமாக இந்தச் சோதனைகளில் ஆண் எலிகளே ஆதிக்கம் செலுத்தியது. பெண் எலியின் ஹார்மோன் சுழற்சி முடிவைக் குழப்பும் என்று ஒதுக்கினார்கள். நாள்பட்ட வலி பெண்களிடம்தான் கூடுதல் என்பது தெரிந்த பிறகும் இது தொடர்ந்தது. கூடை சுமப்பவர் அந்தச் சோதனையில் எங்குமே இல்லை.

பெட்டிச் செய்தி: எலிக்கும் ஒரு கமிட்டி

விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது. ஆய்வு விலங்குகளுக்கான கட்டுப்பாட்டு விதிகள் 1998இல். எலியைத் தொடும் ஒவ்வொரு கல்லூரியிலும் நெறிமுறைக் குழு இருக்க வேண்டும். எத்தனை எலி, ஏன் அத்தனை, வலி எப்படிக் குறைக்கப்படும் என்று எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். தேசியக் கண்காணிப்புக் குழுவின் அலுவலகம் சில காலம் சென்னைத் திருவான்மியூரில் இருந்தது. எம்.பி.பி.எஸ். செய்முறை வகுப்புகளில் உயிருள்ள விலங்குகளுக்குப் பதில் கணினி மாதிரிகளைப் பயன்படுத்த வேண்டும் என்று 2014இல் மருத்துவ கவுன்சில் விதியை மாற்றியது. வலியைக் குறைப்பதற்கான ஆராய்ச்சியில் வலி நிவாரணி கொடுக்காமல் விலங்கை வைத்திருக்க வேண்டியிருப்பது இந்தக் குழுக்களுக்கு வருகிற சங்கடமான கேள்வி. கொடுத்தால் முடிவு கெடும்.

சாம்பல் படிந்த இலை

எலிக்குக் கொடுக்கும் இலையைத் தாவரவியலாளர் ஒருவர் அடையாளம் பார்த்துச் சான்று தருகிறார். மாதிரி இலை பதப்படுத்திக் காப்பில் வைக்கப்படுகிறது. எண்ணூரில் குப்பைமேனி பறிப்பவருக்கு அந்த வசதி கிடையாது. அனல்மின் நிலையச் சாம்பல் குழாய் உடைந்து கொசஸ்தலை ஆற்றுப்பக்கம் சாம்பல் பரவுவது இந்த ஊருக்குப் புதிதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து, நள்ளிரவில் ஜனங்கள் தெருவுக்கு ஓடினார்கள். இப்படிப்பட்ட மண்ணில் முளைக்கிற செடி, மண்ணில் இருப்பதையும் சேர்த்துத்தான் உறிஞ்சும். மூலிகை மூலப்பொருளில் ஈயம் பத்து லட்சத்தில் 10 பங்கு, காட்மியம் 0.3 பங்குக்கு மேல் கூடாது என்று வரம்பு இருக்கிறது. மருந்துக் கம்பெனி அதைச் சோதித்தாக வேண்டும். ரோட்டோரம் பறித்து எண்ணெய் காய்ச்சுபவர் எங்கே போய்ச் சோதிப்பார்?

வாங்குகிற பொடியிலும் வில்லங்கம் உண்டு. பெயரில்லாத பாக்கெட்டில், ‘சுத்த மூலிகை’ என்று விற்கும் மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டும் டைக்ளோஃபினாக்கும் கலந்திருப்பது உலகம் முழுக்கப் பலமுறை பிடிபட்ட மோசடி. அடையாளம் எளிது: இரண்டே நாளில் வலி மாயமாகும், பசி எடுக்கும், சில மாதங்களில் முகம் உப்பும், சர்க்கரை ஏறும். நிறுத்தினால் வலி இரண்டு மடங்காகத் திரும்பும். திரும்பியதும், ‘அந்தப் பொடிதான் எனக்குக் கேட்குது’ என்று மறுபடி அதையே வாங்குவார்கள்.

செட்டு மாத்திரையின் வெள்ளைக்கும் ஒரு விலை இருக்கிறது. அது பெரும்பாலும் டைக்ளோஃபினாக், மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து. ஹார்பர் யார்டில் கண்டெய்னர் சூட்டுக்கு நடுவே வியர்த்து, தண்ணீர் குறைந்த உடம்பில் அது போய் விழுந்தால் சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் சுருங்கும். ஒருநாள் இரண்டுநாள் தாங்கும் உறுப்பு, வருடக் கணக்கில் தாங்காது. மூலிகை பற்றிய கேள்வி இங்கேதான் பொழுதுபோக்கு விவாதம் என்ற நிலையைத் தாண்டுகிறது. நொச்சி எண்ணெய் நிஜமாகவே வாரத்துக்கு இரண்டு வெள்ளை மாத்திரையைக் குறைக்கும் என்றால் அது சிறுநீரகத்தைக் காக்கிற விஷயம். குறைக்காது என்றால் அதையும் சொல்லிவிட வேண்டும்.

எலியைத் தாண்டியவை, தாண்டாதவை

தாண்டாததற்குப் பெரிய உதாரணம் மூலிகை இல்லை. கோடிக்கணக்கில் செலவழித்த கம்பெனி மருந்து. ‘சப்ஸ்டன்ஸ் பி’ என்ற வலிச் செய்தியைத் தடுக்கும் என்.கே.1 வகை மருந்துகள் 1990-களில் விலங்குகளின் வலியை அழகாக அடக்கின. மனிதரின் வலியை அசைக்கக்கூட இல்லை. அதே வகையைச் சேர்ந்த ஒன்று பின்னர் 2003இல் புற்றுநோய் சிகிச்சையின் வாந்தியை நிறுத்தும் மருந்தாக வந்தது.

தாண்டியவையும் உண்டு. மிளகாயின் காரம் எந்த வாசல் வழியாக நரம்புக்குள் நுழைகிறது என்று 1997இல் டேவிட் ஜூலியஸ் குழு கண்டுபிடித்தது. அது 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டாலும் திறக்கிற வாசல். சூட்டுத் தட்டில் எலி காலைத் தூக்குவதற்கும் நாம் மிளகாயைக் கடித்து ‘எரியுது’ என்பதற்கும் காரணம் ஒன்றே. 2021இல் அவருக்கு நோபல் பரிசு, ஆர்டெம் பட்டபூட்டியனோடு சேர்த்து. அடர்ந்த மிளகாய்ச் சத்துப் பட்டியை நரம்புவலிக்கு ஒட்டுவது ஐரோப்பாவில் 2009 முதல் அனுமதிக்கப்பட்ட சிகிச்சை. மஞ்சளைத் தாய்லாந்துக்காரர்கள் முழங்கால் தேய்மானம் உள்ள 367 பேரிடம் ஐபுப்ரோஃபெனோடு மோதவிட்டார்கள். 2014இல் வந்த முடிவு: நாலு வாரத்தில் இரண்டும் ஏறக்குறைய சமம், மஞ்சள் பக்கம் வயிற்றுத் தொல்லை குறைவு. கவனிக்க: அது அளந்து தயாரித்த சத்து, தினம் 1,500 மில்லிகிராம். மஞ்சள் பால் இல்லை.

நொச்சிக்கு இப்படி ஒரு மோதலை ராயபுரத்தில் நடத்த முடியாதா? முடியும். நூறு, நூற்றைம்பது பேர், இரண்டு மாதம், 2007 முதல் இயங்கும் தேசிய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் ஒரு பதிவு, ஒரு சித்த மருத்துவர், ஒரு எலும்பு மருத்துவர். எலிகளுக்குச் செலவழித்த உழைப்பில் ஒரு பங்கு.

ஆனால் நாள் பார்த்துத் தொடங்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கூடை இறங்கும், முட்டிவலியும் தானாகவே கொஞ்சம் இறங்கும். தடைக்காலத்தில் தொடங்கினால் வெறும் தண்ணீரைத் தேய்த்தாலும் ‘மருந்து கேட்டது’ என்றுதான் முடிவு வரும்.

இன்னொரு சிக்கல்தான் உண்மையில் கடினமானது. சோதனை என்றால் பாதிப் பேருக்கு நொச்சி இல்லாத எண்ணெய் கொடுக்க வேண்டும். எது எது என்று அவர்களுக்குத் தெரியக் கூடாது. நிறத்தைச் சமாளித்துவிடலாம். வாடையை? எலி எதையும் சொல்லாது. இருட்டில் வஞ்சிரத்தின் செவுளைத் திறந்து மோந்து, நேற்றுப் பிடித்ததா முந்தாநாள் பிடித்ததா என்று சொல்லிவிடுகிற பெண்மணி, பாட்டில் மூடியைத் திறந்த மறுநொடியே கண்டுபிடித்துவிடுவார்.